ஆச்சி விரல் வைக்காத தாள்

1992ஆம் ஆண்டு தை மாதம் எங்கள் முகாமுக்கு வந்த அந்தத் தாளில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி, மை காய்வதற்குள் அடுக்கியிருக்க வேண்டும். ஒரு தாளின் எழுத்து அடுத்த தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. எல்லாம் ஆங்கிலம். நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் குடும்பத்தாரோடு இலங்கைக்குத் திரும்பிப் போகிறேன் என்பதுதான் அதில் இருந்த சேதி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் விரல் ரேகைக்கு நீல மைப் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். எங்கள் முகாமில் பாதிச் சனம் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "வரிசையா வாங்க. போட்டவங்க இந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றார். போடாதவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று அவர் சொல்லவில்லை.

நாங்கள் இருந்தது கொங்கு நாட்டில், கைவிடப்பட்ட நெல் அரவை ஆலை ஒன்றின் கிடங்கு. கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே பகலில் தரை முழுக்க வெயில் காசு காசாய் விழும். குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி. நடுவில் சுவர் கிடையாது. சேலையும் சாக்கும்தான் மறைப்பு. உமி வாசமும் ஈரச் சாக்கு வாசமும் மண்ணெண்ணெய் அடுப்புப் புகையும் எங்கள் தலைமயிரிலேயே குடியிருந்தன. இரவில் ஒரு சேலைக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமினால், கிடங்கின் கடைசி மூலையில் படுத்திருக்கும் தாய்க்கும் தூக்கம் கலையும். புதுசாய்க் கலியாணமான ஒரு சோடி அங்கே இருந்தது. அந்தப் பெண் பிள்ளை பகலில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் தண்ணீர் எடுக்கப் போவதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

எங்கள் ஊர் மன்னார்ப் பெருநிலத்தில் விடத்தல்தீவு. கடலும் வயலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர். கோயில் மணிச் சத்தமும் பள்ளிவாசல் பாங்கொலியும் கேட்டு எழும்பிய பிள்ளைகள் நாங்கள். 1990 ஜூன் மாதம் சண்டை மறுபடி தொடங்கியது. ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் அம்மா எங்களைக் கொட்டிலுக்குள் இழுத்துவிட்டு வாசலில் தான் நிற்பாள், அவளுடைய உடம்பு மறைத்துவிடும் என்பதுபோல. நாங்கள் கடல் கடந்து சில மாதங்களில், அதே ஆண்டு அக்டோபரில், எங்கள் ஊர் முஸ்லிம் சனத்தைப் புலிகள் ஊரைவிட்டே விரட்டினார்கள். வடக்கு முழுக்க அதுதான் நடந்தது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளை புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் அகதியானாள். அகதிகளின் உரிமை பற்றி நான் எங்கே பேச நேர்ந்தாலும் அவளையும் சேர்த்தே பேசுகிறேன். எங்கள் தரப்பால் விரட்டப்பட்டவளை விட்டுவிட்டு, நான் விரட்டப்பட்ட கதையை மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது.

புறப்பட்ட இரவு நிலா இல்லை. வள்ளத்தில் ஏறும்போது அம்மாவின் காலில் சிப்பி கிழித்து இரத்தம், யாரோ ஒருவர் பிள்ளையின் வாயைப் பொத்தச் சொல்கிறார், தம்பி என் பாவாடையைப் பிடித்தபடி வாந்தி எடுக்கிறான், தொலைவில் கடற்படைப் படகின் வெளிச்சம் ஒருதரம் சுழன்று போகிறது, ஓட்டி எஞ்சினை நிறுத்துகிறான், எல்லோரும் குனியுங்கோ என்கிறான், தண்ணீர் உள்ளே வருகிறது, சருவச்சட்டியால் அள்ளி ஊற்றுகிறோம், மறுபடி எஞ்சின், மறுபடி இருட்டு, பிறகு திடீரென்று "இறங்குங்கோ, இந்தியா வந்திட்டுது" என்கிறான், இறங்குகிறோம், முழங்கால் அளவு தண்ணீர், அதன்பின் மணல், வள்ளம் திரும்பிப் போய்விட்டது.

அது இந்தியக் கரை இல்லை. நடுக்கடலில் இருக்கும் மணல் திட்டு. எத்தனையோ குடும்பங்களை இப்படித்தான் இறக்கிவிட்டுப் போனார்கள். விடியும்வரை நீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளுத்த பிறகு இராமேசுவரத்து மீனவர்களின் படகு ஒன்று வந்தது. முன்னணியத்தில் நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். முகம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. எங்களை அவர் எதுவும் கேட்கவில்லை. தம்பியைத் தூக்கி உள்ளே வைத்து, தூக்குச்சட்டியைத் திறந்து, பழைய சோற்றைப் பிழிந்து ஒரு உருண்டை அவன் கையில் கொடுத்தார். பிறகுதான், "எந்த ஊரும்மா?" என்றார். அகதிகளுக்கான தொண்டு என்று பெரிய கூட்டங்களில் சொல்லும்போது எனக்கு முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வரும். வலை இழுத்து இழுத்து விரல்கள் மடங்கிப்போன கை அது.

மண்டபம் முகாமில் பதிவு செய்ய நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் நின்றவர் ஒரு மலையகத் தாத்தா. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அங்கிருந்தும் இப்போது ஓட்டம். அந்தப் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க பாட்டன இங்கதான் அடைச்சு வெச்சு, ஊசி போட்டு, துணியெல்லாம் ஆவியில அவிச்சு, அப்புறம் கண்டிக்குக் கப்பல் ஏத்துனாங்க. சிறிமா ஒப்பந்தத்துல எங்க அண்ணன் குடும்பம் திரும்பி வந்து எறங்குனதும் இங்கதான். இப்ப நானு. எங்க பரம்பரை எந்தப் பக்கம் போனாலும் இந்த மண்டபத்தத் தாண்ட முடியல."

உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய் பார்த்துத் தடுத்து வைக்கக் கட்டிய முகாம் அது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் அந்தச் சிறிமா ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். தாத்தாவை எந்தப் பங்கிலும் சேர்க்க மறந்திருந்தார்கள். இரண்டு நாட்டிலும் அவருக்குக் காகிதம் கிடையாது. பதிவு முடிந்ததும் அவரையும் எங்களையும் அந்தக் கொங்கு நாட்டுக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

அந்த இரண்டாம் அலையில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 1,20,000 பேருக்கு மேல். 1983க்குப் பிறகு வந்த முதல் அலையையும் சேர்த்தால் இரண்டரை லட்சம். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. அகதி என்று ஒருவரைச் சொல்லும் சட்டமே இங்கே கிடையாது. அன்று எங்கள் மேல் பாய்ந்தது வெளிநாட்டார் சட்டம் ஒன்றுதான். எங்களுக்குக் கிடைத்த கூரையும் கிலோ 57 பைசா அரிசியும் மாத உதவிப் பணமும் அரசின் இரக்கம். அந்த இரக்கத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன், அதைத் தின்றுதான் வளர்ந்தோம். ஆனால் இரக்கத்துக்குத் தேதி உண்டு. அது முடியும் நாளில், நான் இருக்கலாமா என்று கேட்க ஒரு சட்டப் பிரிவு வேண்டியிருந்தது.

அந்த நாளில் எங்களுக்குத் துணையாய் இருந்தது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கியது. அவரையே 1985இல் இந்திய அரசு விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பியது. தமிழ்நாடு கொதித்து எழுந்த பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. கழகத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முகாம்களில் இருந்த அகதிகளே. எங்கள் கிடங்கில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மாலை வகுப்பு என் தலையில் விழுந்தது. பலகை இல்லை. ஆலையின் கதவு ஒன்றைக் கழற்றி, அடுப்புக் கரி அரைத்துப் பூசினோம். குழந்தைகளை மாதம் ஒருதரம் நிறுக்க ஒரு தராசு வந்தது. நெல் மூட்டைக் கொக்கியில் அதைத் தொங்கவிட்டு, சேலைத் தூளியில் பிள்ளையைப் போட்டு நிறுப்போம். முள் நகர்ந்தால் தாய்க்கு ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தக் கிடங்கில் நான் கண்ட வெளிச்சம் அது.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. காலையில் வானொலி சொன்னபோது கிடங்கில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. முந்தின நாள்வரை கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர் எங்களைக் கண்டதும் பலகைக் கதவை இழுத்தார். வெளியே வேலைக்குப் போன ஆண்களை அடித்து அனுப்பினார்கள். ஊர்ச் சனத்தின் கோபத்தின் அடியில் இருந்த துக்கம் எனக்குப் புரிந்தது. தலைவர் ஒருவரோடு எத்தனையோ பேர், காவலர்களும் பெண்களும், துண்டாகிச் செத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பாவத்தின் கணக்கை ஒரு நெல் கிடங்கில் இருந்த பால்குடிப் பிள்ளைகளின் பேரில் எழுதினார்கள். காலையும் மாலையும் தலை எண்ணினார்கள். கியூ பிராஞ்ச் காவலர்கள் நள்ளிரவில் டார்ச் அடித்துச் சேலையை விலக்கிப் பார்ப்பார்கள். கல்லூரிகளில் எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த இடங்கள் நின்றன. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் வரக்கூடாது என்றானது. தராசைக் கொண்டுவந்த அண்ணை வாசலுக்கு வெளியே சைக்கிளோடு நின்று, கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலும் சேர்க்கத் தயங்கினார்கள். அப்போது பக்கத்து ஊர்த் தலைமையாசிரியை ஒருவர், பதிவேட்டில் பெயர் எழுத முடியாவிட்டாலும் வந்து உட்காரட்டும் என்றார். எங்கள் பிள்ளைகள் ஓர் ஆண்டு முழுக்கப் பெயர் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தார்கள். வருகை எடுக்கும்போது எல்லாப் பெயரும் முடிந்த பிறகு அந்த அம்மா நிமிர்ந்து, அந்தக் கடைசி வரிசையை ஒருதரம் பார்ப்பாராம். பிள்ளைகள் வந்து சொன்னார்கள். எங்களுக்காக நடந்த எத்தனையோ நல்ல காரியங்களுக்குச் சாட்சி கிடையாது, அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

இப்படி ஒடுங்கிக் கிடந்த நாளில்தான் அந்தத் தாள் வந்தது. புதிய மாநில அரசு அகதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. மத்திய அரசும் கொழும்பும் இசைந்தன. 1992 ஜனவரியில் முதல் கப்பல். ஊரில் சண்டை நின்றபாடில்லை. வரிசையில் முதலில் நின்ற சிலர் என்ன ஏதென்று கேட்காமலே பெருவிரலை நீட்டினார்கள். அரசாங்கத் தாள் என்றால் அரிசிக்குத்தான் இருக்கும் என்று நினைத்தவர்களும் உண்டு.

வரிசையில் அந்த ஆச்சியும் நின்றாள். மாந்தைப் பக்கத்து ஆள். துணைக்கு ஒரு பேத்தி மட்டும். ஆச்சியின் காதுகள் தோள்வரை தொங்கும், ஆனால் தோடு இல்லை, வள்ளக்காரனுக்குக் கொடுத்தாயிற்று. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஓலைச் சுருள் செருகியிருப்பாள். ஊருக்குத் திரும்பிப் போகும்போது போட வேண்டுமே என்பாள். மேசையடிக்கு வந்ததும் மைப் பெட்டியைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைத் தேடினாள்.

"பிள்ளை, இஞ்ச வா. இதில என்ன கிடக்கெண்டு வாசி."

"எல்லாருக்கும் வாசிச்சுக்கிட்டிருந்தா பொழுது போயிரும் பாட்டி. ஊருக்குப் போற பேப்பர்தான், வையி" என்றார் அதிகாரி.

"வாசிக்கட்டும் தம்பி. எனக்குக் கண் தெரியாது, காது கேக்கும்."

நான் வாசித்தேன். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். குரல் நடுங்கியது. கிடங்கில் சத்தம் குறைந்து, பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சொந்த விருப்பத்தின் பேரில் என்ற இடம் வந்தபோது ஆச்சி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்ர விருப்பத்தை ஆர் எழுதினது?"

யாரும் பேசவில்லை.

"ஊருக்குப் போக ஆசை இல்லாமலில்லை தம்பி. என்ர வளவில நிக்கிற பனையை இதில இருந்தே எண்ணிச் சொல்லுவன். அங்க இப்பவும் ஷெல் விழுகுது. போற நாளை நான்தான் சொல்லோணும்."

"அப்புறம் அரிசி நின்னுபோச்சு, பணம் நின்னுபோச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"வரமாட்டன்" என்றாள் ஆச்சி. முந்தானையால் விரலைத் துடைத்தாள், அதில் மை ஒட்டவே இல்லை என்றாலும். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, போட்டவர்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். சிறிது நேரத்தில் மலையகத் தாத்தா போய் அவள் பக்கத்தில் நின்றார். பிறகு நெசவாளிக் குடும்பம் ஒன்று. பிறகு அந்தப் புதுச் சோடி.

மனித உரிமை பற்றிப் பிற்காலத்தில் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், துண்டறிக்கைகள் எழுதியிருக்கிறேன். நாடு திரும்புதல் தன்விருப்பமாக, பாதுகாப்பாக, கண்ணியமாக இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லித்தருவார்கள். இவை மூன்றையும் ஆச்சி தன் வாயால் சொன்னதை அதற்கு முன்பே நான் கேட்டிருந்தேன்.

அன்றிரவே ஒரு கொப்பி எடுத்தோம். நான், தாத்தாவின் மகள், வலை முடிகிற அண்ணை ஒருவரின் மகன் என்று மூன்று பேர். தலை எண்ணி முடிந்து வாசல் விளக்கு அணைந்த பிறகு சேலை சேலையாய்ப் போவோம். கைவிளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்து, அந்தத் தாளில் உள்ளதைத் தமிழில் ஒருதரம் சொல்வோம். பிறகு கேட்போம்: போக விருப்பமோ? ஏன்? அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவோம். உண்மையாகவே போக விரும்பியவர்களும் இருந்தார்கள். தாய் தகப்பன் அங்கே தனியே கிடக்கிறார்கள் என்றார்கள். காணி போய்விடும் என்றார்கள். அதையும் அப்படியே எழுதினோம். அவர்களை மறிப்பது எங்கள் வேலையில்லை. மிச்சம் பக்கங்களில் வேறு மாதிரிக் காரணங்கள். பிள்ளைக்குப் படிப்பு இல்லை. அரிசி வெட்டுவார்கள் என்று பயம். இரவில் டார்ச் அடிப்பதைத் தாங்க முடியவில்லை. சிறப்பு முகாமில் அடைப்போம் என்று மிரட்டினார்கள். இந்தக் காரணங்களோடு ஒருவர் வைக்கும் ரேகையை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

கொப்பியைத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர் தன் பால் கேனுக்கு அடியில் வைத்து நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வக்கீல் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். மாட்டியிருந்தால் அந்தக் கடைக்காரருக்குக் கடையே போயிருக்கும். அவர் எங்களுக்கு உறவும் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை.

அந்த ஆண்டு பழ. நெடுமாறனும் மருத்துவர் இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையம் கேட்டறிய வேண்டும் என்பது அவர்கள் மனு. விருப்பமில்லாத அகதியை அனுப்பக்கூடாது என்ற பேச்சு முதன்முதலாக ஒரு நீதிமன்றத்தில் எங்கள் காதில் விழும்படி ஒலித்தது. பழைய தினசரி ஒன்றில் அந்தச் செய்தி வந்திருந்தது. வடை கட்டிக் கொடுத்த தாள் அது. எண்ணெய்க் கறையோடு அதைக் கிடங்கின் நடுத்தூணில் ஒட்டினோம். அதே ஆண்டு ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் திறந்தது. முகாம்களுக்குள் வர அவர்களுக்கு அனுமதி இல்லை; போகப் பெயர் கொடுத்தவர்களைத்தான் கேட்க முடிந்தது. ஆனாலும் கேட்க ஓர் ஆள் இருந்தார். எங்களுக்கு அடுத்து வந்த தாளும் தமிழில் இருந்தது.

அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். 1995 வரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 54,000 பேருக்கு மேல்.

தையல் அக்காவும் அதில் ஒருத்தி. மன்னாரிலிருந்து வரும்போது தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சேலையில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு கடல் கடந்தவள். கிடங்கில் பழைய மேசை ஒன்றில் அதைப் பொருத்தி, முகாம் பிள்ளைகள் எல்லோருக்கும் கிழிசல் தைத்துக் கொடுப்பாள். மகனுக்குப் பத்து வயது. பெயரில்லாமல் பள்ளியில் இருக்க அவன் மாட்டேன் என்றுவிட்டான். "இஞ்சயும் படிப்பில்லை, அங்கயும் படிப்பில்லை. அங்கயெண்டால் அழுறதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். புருசனுக்கு விருப்பமில்லை, ஆனால் அவளைத் தனியே விடவும் மனமில்லை. லொறி அதிகாலையில் வந்தது. ஏறும்போது அவள் ஒன்றும் பேசாமல் என் சட்டையின் கைப்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். தையல் விட்டிருந்தது. "சொல்லியிருந்தால் நேற்றே அடிச்சுத் தந்திருப்பன்" என்றாள்.

பேசாலையில் ஐ.நா. நடத்திய நிவாரண நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சொந்த ஊருக்குப் போக விடவில்லை, இங்கேயும் கூடாரம்தான், இங்கேயும் வரிசைதான், அங்கே உமி வாசம், இங்கே கருவாட்டு வாசம் என்று எழுதியிருந்தாள். பிறகு கடிதம் இல்லை. 1996இல் மூன்றாம் அலை தொடங்கியபோது மண்டபத்துக்கு உதவிக்குப் போயிருந்தேன். வரிசையில் மகனோடு நின்றாள். உயரமாகிவிட்டிருந்தான். புருசனை வவுனியாச் சோதனையில் பிடித்துக்கொண்டு போனார்கள், அதோடு சரி. மெசினும் இல்லை. பதிவு மேசையில், முன்பு இந்தியாவில் இருந்தீர்களா, ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள்.

"என்ர விருப்பத்திலதான் போனனாம்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "நான் ஏன் போனனெண்டு நீ எழுதி வைச்சனியெல்லோ? அது இருக்கட்டும் பிள்ளை, எறிஞ்சுபோடாதை" என்றாள்.

அந்தக் கொப்பியின் இன்னொரு படி என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஆச்சி ஊருக்குப் போகவில்லை. 1998இல் முகாமிலேயே கண் மூடினாள். காது குத்திய துளை கடைசிவரை தூரவில்லை. பேத்தி இப்போது திருச்சிப் பக்கம் முகாம் ஒன்றில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள்.

1996இல் ஆட்சி மாறியதும் படிப்புக்கான கதவு மறுபடி திறந்தது. நான் பாடம் சொல்லிக்கொடுத்த கரிப்பலகைப் பிள்ளைகளில் சிலர் பட்டம் வாங்கினார்கள். 2009இல் போர் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை முகாம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பார்த்தோம். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதன் பிறகு எங்கள் வேலை காகித வேலையாக மாறியது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும், பிறப்புச் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் இருந்தால் தகப்பன் பெயரில் ஒரு கொம்பு பிழை. பிழையைத் திருத்தத் தாலுகா அலுவலகம், அங்கிருந்து வி.ஏ.ஓ., அங்கிருந்து மறுபடி முகாம். எல்லாம் சரியானால்தான் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் குடியுரிமையைப் பதியலாம். பதியாத பிள்ளை இரண்டு நாட்டிலும் இல்லாத பிள்ளை. முகாம் முகாமாய்ப் பெண்கள் நெகிழிப் பையில் இந்தச் சீட்டுகளைப் போட்டுக்கொண்டு பேருந்துகளில் அலைந்தார்கள். கேமரா யாரும் வைக்காத போராட்டம் இது. மலையகத் தாத்தாவைப் போல எந்தப் பங்கிலும் சேராதவர்கள் எங்கள் முகாம்களில் ஏறத்தாழ 28,000 பேர். அவர்களுக்கு இலங்கை 2009இல் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டது. தாத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தகப்பனின் பெயரையும் சேர்த்தே விண்ணப்பம் எழுதினாள். இறந்தவருக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். தெரியும், எழுத வேண்டும்போல இருந்தது என்றாள்.

போக விரும்புகிறவர் போக வேண்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவர்? முப்பது நாற்பது ஆண்டுகளாய் இங்கே பிறந்து, இங்கத்துப் பேச்சுப் பேசி, இங்கே கலியாணம் செய்தவர்? 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டு அகதிகளைப் பேர் சொல்லி அழைத்தது, இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முன்வந்தது. அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்றும் மாற்றியது. வீடுகள் நல்லவை. சுவர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. கிடங்கில் இருந்த அந்தப் புதுச் சோடியின் மகள் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறாள். பட்டா கிடையாது, வாக்கு கிடையாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்குச் சட்டத்தில் இருந்த இடம் அது. அந்தத் தீர்ப்பின் படியை எடுத்துக்கொண்டு நாங்கள் முகாம்களில் யார் யார் அந்தத் தேதிக்குள் வருகிறார்கள் என்று தேடினோம். அதற்குள் வருகிறவர்களைவிட அதற்குப் பின் பிறந்தவர்கள்தான் கனக்க.

அதே 2022இல் இலங்கையில் பால்மாவும் டீசலும் இல்லாமற்போய், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மறுபடி குடும்பங்கள் இறங்கின. மண்டபத்துக்கு அவர்களைப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. முப்பது வயதுத் தாய் ஒருத்தி, கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி, "சண்டை இல்லாமல் வந்தால் அகதி இல்லையாமே அக்கா?" என்று கேட்டாள். பிள்ளைக்குப் பால் இல்லாமல் கடலில் இறங்கியவளுக்கு நான் சட்ட விளக்கம் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, நீ முதலில் சாப்பிடு என்றேன். பிறகு அவளுடைய பதிவுத் தாளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

இப்போது என்னோடு வேலை செய்வது தையல் அக்காவின் பேரன். 1990இல் இருந்த கிடங்கு அவனுக்குத் தெரியாது, கதையாய்க் கேட்டதுதான். பொறியியல் படித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறான். முகாம் இளைஞர்களில் பலருக்கு அதுதான் தொழில், நகத்தடியில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும். கேம்பஸ் தேர்வில் நான்கு சுற்று தாண்டியவனை, பாஸ்போர்ட் இல்லை என்று கடைசிச் சுற்றில் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முகாம் பிள்ளைகளின் சான்றிதழ்களைக் கணினியில் ஏற்றுகிறான். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்கள் மீது சட்டவிரோதமாய்த் தங்கியதற்காக வழக்குப் போட மாட்டோம் என்று மத்திய அரசு அறிவித்தது. அவன் அதை எனக்கு வாசித்துக் காட்டினான். குற்றவாளி இல்லை என்பதுவரை வந்திருக்கிறோம் அம்மம்மா, என்றான்.

அவனுக்கான குடியுரிமை மனுவைப் போன மாதம் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். தற்போதைய நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு காத்திருந்தான். ஈரோடு மாவட்டத்தில் பிறந்தேன், இந்த முகாமில் வசிக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். கட்டத்துக்குள் இடம் போதவில்லை; ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டான். எழுத்தர் அதைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி அதே வாசகத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறோம். அவனைப் போல இன்னும் பத்தொன்பது பிள்ளைகளின் மனுக்களும் சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் இருக்கின்றன. அடுத்த திங்கட்கிழமை குறைதீர் நாள். காலைப் பேருந்துக்கே போகிறோம்.